பழைய புல்லட்டின் கிளட்ச்: ஏற்காடு ஏறுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லேத் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றவன் நான். வீட்டில் நிற்பது 1976-ஆம் ஆண்டு புல்லட் 350. வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக், நான்கு கியர் கொண்ட பழைய இரும்பு என்ஜின். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போய்வருகிற பழக்கம் இருப்பதால், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வழியில் நிறுத்திக் கேட்பதுண்டு. பத்தில் எட்டுப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: “கிளட்ச் பிளேட் மாற்றிவிடட்டுமா?” நான் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: இப்போது வேண்டாம். ஏன் என்பதைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

அடிவாரம் வரை ஒழுங்காக வருகிற வண்டி, மலையில் நாலு வளைவு ஏறியதும் அலறுகிறது. வேகம் மட்டும் ஏறவில்லை. பிளேட் தேய்ந்துவிட்டதுதானே?

கிளட்ச் வழுக்குகிறது, அதாவது என்ஜின் சுற்றுவது முழுதாகச் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை; அதில் சந்தேகமில்லை. பிளேட் தேய்ந்ததால்தான் வழுக்குகிறது என்பது இன்னும் நிரூபணம் ஆகவில்லை. காய்ச்சல் என்று தெரிந்துவிட்டது. என்ன காய்ச்சல் என்று தெரியவில்லை.

வழுக்குவதற்கு நான் பார்த்த காரணங்களை மலிவானதிலிருந்து செலவு மிக்கதுவரை வரிசைப்படுத்துகிறேன். கேபிளில் தளர்வே இல்லாமல் இழுத்துக் கட்டியிருப்பது. கேபிள் எங்கோ மாட்டிக்கொண்டு திரும்பி வராமல் நிற்பது. கிளட்ச் இருக்கும் பெட்டியான செயின் கேஸில் கார் என்ஜினுக்கான ஆயில். பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருப்பது. பிளேட் பளபளவென்று கண்ணாடிபோல் ஆகியிருப்பது. கடைசியாக, பிளேட் தேய்ந்திருப்பது. முதல் இரண்டையும் பார்க்க ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதும். ஆனால் நம் ஊரில் வேலை தொடங்குவது கடைசியிலிருந்துதான். புது பிளேட் போட்டதும் வண்டி சில வாரம் நன்றாக ஓடும், மெக்கானிக்குக்கு நல்ல பெயர் கிடைக்கும். மூல காரணம் உள்ளேயே இருந்து புது பிளேட்டையும் தின்னும்.

சமதளத்தில் ஏன் தெரிவதில்லை?

சமதளத்தில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை ஓரளவுதான் திருகியிருப்பீர்கள். என்ஜின் தன் முழுத் திருகுவிசையைக் காட்டுவதே இல்லை. அரை உயிரில் இருக்கிற கிளட்ச்கூட அதைத் தாங்கும்.

மலையில் கணக்கு வேறு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருவர் உட்கார்ந்த புல்லட்டை ஏறத்தாழ 300 கிலோ என்று வையுங்கள். அந்த எடையை 1,200 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் வேண்டிய ஆற்றல், மின்வாரியக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு யூனிட். அந்த ஒரு யூனிட்டும் உங்கள் உள்ளங்கை அகலமுள்ள சில பிளேட்டுகளின் உராய்வு வழியாகத்தான் பின் சக்கரத்துக்குப் போகிறது. கிளட்ச் வழுக்கி அதில் பத்தில் ஒரு பங்கு வெப்பமாகிவிட்டால், அந்த வெப்பம் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதைச் செயின் கேஸுக்குள் அடைத்துப் பாருங்கள். பிளேட்டில் பதித்த கார்க் கருகிய நாற்றம் வந்தால் ஆச்சரியம் என்ன?

இதைச் சோதிக்க மலைக்குப் போக வேண்டியதில்லை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பைத் தாண்டியதும், போக்குவரத்து இல்லாத விடியற்காலையில், நான்காவது கியரில் நாற்பதில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகுங்கள். சத்தம் சட்டென்று ஏறி, வேகம் மெதுவாகவே பின்தொடர்ந்தால் கிளட்ச் வழுக்குகிறது. கியரைக் குறைத்தால் வழுக்கல் மறைந்துபோகும். பலர் அப்படித்தான் மாதக்கணக்கில் ஏமாறுகிறார்கள்.

வளைவுகளில் மட்டும் வழுக்குகிறது, நேர்ச்சாலையில் சரியாக இருக்கிறது. இப்படியும் ஒரு கோளாறு உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தை எழுதவே இந்தக் கோளாறுதான் காரணம்.

பல ஆண்டுகளுக்கு முன் என் வண்டிக்கு இதே வியாதி. சேலம் பக்கமிருந்து ஏறும் சாலையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் மட்டும் என்ஜின் அலறும். நேரானதும் அடங்கிவிடும். ஒரு பட்டறையில் “பிளேட் போய்விட்டது” என்றார்கள். மாற்றினேன். ஆறு மாதத்தில் மறுபடியும் அதே கதை. வேறொரு பட்டறையில் “போலி பிளேட் போட்டிருக்கிறார்கள்” என்றார்கள். மறுபடியும் மாற்றினேன். மூன்றாவது முறை பையில் காசில்லாததால் நானே உட்கார்ந்து யோசித்தேன்.

வண்டியை ஸ்டாண்டில் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை வலப்பக்கம் முழுதாகத் திருப்பினேன். கிளட்ச் கேபிள் டேங்குக்கு அடியில் சட்டத்தில் ஒரு கொக்கிக்குள் மாட்டி வளைந்திருந்தது. ஹேண்டில் திரும்பும்போது கேபிளின் உறை இழுபட்டு, கிளட்ச் நெம்புகோலில் இருந்த கொஞ்சம் தளர்வையும் தின்றுவிட்டு, கிளட்சை நூலிழை அளவு திறந்தது. கொண்டை ஊசி வளைவில் ஹேண்டில் திரும்பியிருக்கும் நேரமும், ஆக்சிலரேட்டர் முழுதாகத் திறந்திருக்கும் நேரமும் ஒன்றாகவே வரும். இருபது வளைவும் ஏறி முடிப்பதற்குள் பிளேட் வெந்துவிடும். இரண்டு செட் பிளேட்டை விழுங்கியது வழிமாறிப் போன ஒரு கேபிள். பழைய பிளேட்டுகள் மீது அன்றைக்கு எனக்கு வந்த இரக்கம் இன்னும் போகவில்லை.

ஆகவே முதல் சோதனை இது: வண்டி நிற்கட்டும், ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். எந்த நிலையிலும் நெம்புகோலின் தளர்வு மாறக் கூடாது. மாறினால் கிளட்சைத் தொடாமல், டேங்கைக் கழற்றி கேபிள் போகும் வழியைப் பாருங்கள்.

மேலே போகப் போக வண்டி இழுக்கவில்லை. இதுவும் கிளட்ச்தானா?

காதைக் கேளுங்கள். வேகம் குறையும்போது என்ஜின் சத்தமும் சேர்ந்து குறைந்தால் கிளட்ச் நிரபராதி. ஏற்காட்டு உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு; அதே கார்புரேட்டர் அமைப்பில் பெட்ரோல் அதிகமாகி என்ஜின் கொஞ்சம் மந்தமாகும். அது இயல்பு. சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் மட்டும் கிளட்சைக் குற்றம் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழுவதே இல்லை. கிளட்சைப் பிடித்திருந்தாலும் வண்டி முன்னால் இழுக்கிறது.

இது எதிர்மாறான வியாதி: கிளட்ச் முழுதாக விடவில்லை. புல்லட்டில் குதிகாலால் நியூட்ரல் போடத் தனி நெம்புகோல் இருப்பதால் பலர் இந்தக் கோளாறைக் கண்டுகொள்வதே இல்லை. குதிகாலில் ஒரு மிதி, வேலை முடிந்தது. ஆனால் கியர் பல் ஒவ்வொரு முறையும் அடிவாங்கிக்கொண்டே இருக்கும்.

முதலில் கேபிளில் அளவுக்கு மீறிய தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து கேபிள் நுனியில் இழைகள் அறுந்து உறைக்குள் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கடுத்து செயின் கேஸ் ஆயில். சிலர் கியர் பாக்ஸுக்கு வாங்கிய கெட்டியான ஆயிலையே இங்கும் ஊற்றிவிடுகிறார்கள். பிளேட்டுகள் பசை தடவியதுபோல் ஒட்டிக்கொள்ளும். பழைய என்ஜினில் இன்னொன்றும் நடக்கும்: என்ஜின் ஆயில் கிராங்க் பக்கமாகக் கசிந்து செயின் கேஸுக்குள் சேரும். நீங்கள் ஊற்றியது கொஞ்சம், உள்ளே இருப்பது நிறைய. ஆயில் மட்டத்தைக் காட்டும் துளையின் திருகை, அதாவது மட்டத் திருகைக் கழற்றியதும் ஆயில் கொட்டினால் இதுதான் காரணம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் உள்ளே போக வேண்டும். கார்க் பிளேட்டுகளுக்கு இடையே வரும் ஸ்டீல் பிளேட் வளைந்தது, பிளேட்டுகள் உட்காரும் கிளட்ச் டிரம்மில் விழுந்த பள்ளம், கிளட்சைத் திறக்கும் தள்ளு கம்பி மழுங்கியது ஆகிய மூன்றில் ஒன்று இருக்கும்.

மார்கழிக் காலையில் ஏற்காட்டில் இரவு தங்கி எழுந்து வண்டியை எடுக்கும்போது மட்டும் இப்படி இழுத்தால் பயப்பட வேண்டாம். குளிரில் ஆயில் கெட்டியாகி பிளேட்டுகள் ஒட்டியிருக்கும். என்ஜினை உசுப்புவதற்கு முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை நாலைந்து முறை மிதித்தால் பிரிந்துவிடும்.

சரி, திறந்தே ஆக வேண்டும். எப்படித் தொடங்குவது?

ஆயிலைப் பிடிக்க ஒரு அகலத் தட்டு, பழைய செய்தித்தாள், ஒரு கேமரா. கைப்பேசி இல்லாத காலத்தில் நான் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் படம் வரைந்துகொண்டு கழற்றினேன். கழற்றிய வரிசை மாறக் கூடாது, அதுதான் முக்கியம்.

இடப்பக்கக் கால்மிதியைக் கழற்றுங்கள். பிரேக் பெடலும் வழியில் நிற்கும். பழைய புல்லட்டில் செயின் கேஸின் வெளி மூடியை நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. சுற்றிலும் திருகுகளைத் தேடி ஏமாற வேண்டாம். நட்டு கழன்றதும் மூடியை ஸ்குரூ டிரைவர் கொடுத்து நெம்பாதீர்கள். ரப்பர் வளையம் வயதாகிப் பிடித்துக்கொண்டிருக்கும். கைப்பிடிக் கட்டையால் சுற்றி மெதுவாகத் தட்டினால் விட்டுவிடும். மூடியின் ஓரம் ஒருமுறை பள்ளமானால் வாழ்நாளெல்லாம் ஆயில் ஒழுகும். நம் ஊர் புல்லட்டுகள் நிற்கும் இடத்தில் எல்லாம் ஒரு கறுப்பு வட்டம் இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்த நெம்புதல்தான்.

உள்ளே முன்னால் ஆல்டர்னேட்டர், பின்னால் கிளட்ச், இரண்டையும் இணைத்து இரட்டை வரிசைச் செயின். பிளேட் மட்டும் மாற்றுவதானால் கிளட்சின் ஸ்பிரிங் திருகுகளைக் கழற்றினால் போதும். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அப்புறம் மூடி, ஸ்பிரிங், பிரஷர் பிளேட், பிளேட்டுகள் என்று வரிசையாக வரும். வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள், பூக்கட்டுவதுபோல.

டிரம்மையும் வெளியே எடுக்க வேண்டுமென்றால் வேலை கூடும். இந்தச் செயினுக்கு இணைப்புக் கண்ணி கிடையாது. ஆகவே ஆல்டர்னேட்டரைக் கழற்றி, என்ஜின் பக்கப் பல்சக்கரமும் கிளட்சும் செயினோடு ஒன்றாக வெளியே வர வேண்டும். கிளட்சின் நடுப்பகுதியான ஹப்பை எடுக்க, இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் தேவை. புல்லர் இல்லாமல் சுத்தியலால் அடித்து எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அடுத்து வாங்குவது கியர் பாக்ஸ் பேரிங்.

உள்ளே எதை எதைப் பார்க்க வேண்டும்?

கார்க் பிளேட்டை மோந்து பாருங்கள். கருகிய வாடை ஒருமுறை பிடித்தால் போகாது. கார்க் துண்டுகள் இரும்புத் தகட்டின் மட்டத்துக்கே தேய்ந்திருந்தாலும், நகத்தால் சுரண்டும்போது பொடியாக உதிர்ந்தாலும் மாற்ற வேண்டியதுதான். வெறும் பளபளப்பு மட்டும் இருந்தால், ஒரு கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, பிளேட்டை வட்டமாகத் தேய்த்து மேற்பரப்பை மங்கலாக்கினாலே பல நேரங்களில் போதும்.

ஸ்டீல் பிளேட்டுக்கும் அதே கண்ணாடி. பிளேட்டைப் படுக்கவைத்து ஓரம் முழுக்க ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை நுழைத்துப் பாருங்கள். 0.2 மில்லிமீட்டர் தகடு எளிதாக நுழைந்தால் அந்த பிளேட் வளைந்துவிட்டது என்பது என் கணக்கு. நீலம் பாய்ந்திருந்தால் அதிக வெப்பம் பட்டிருக்கிறது. வளைவு இல்லாவிட்டாலும் நம்ப மாட்டேன்.

டிரம்தான் பலரும் பார்க்காமல் விடுவது. பிளேட்டின் காதுகள் டிரம்மின் வெட்டுகளில் வழுக்கி நகர வேண்டும். ஆண்டுக்கணக்கில் இடித்து இடித்து அந்த வெட்டுகளில் படிக்கட்டுபோல் பள்ளம் விழும். கிளட்சைப் பிடித்ததும் காது அந்தப் படியில் மாட்டிக்கொள்ளும், பிளேட் பிரியாது. விட்டதும் திடீரென்று கழன்று பாயும், வண்டி உதறும். புது பிளேட் போட்டாலும் பழைய படி அங்கேயேதான் இருக்கும். விரல் நகத்தால் வெட்டின் ஓரத்தைத் தடவுங்கள். நகம் தடுக்கினால் பள்ளம். லேசான பள்ளத்தைத் தட்டை அரத்தால் சமப்படுத்தலாம். எல்லா வெட்டுகளையும் ஒரே அளவில் அராவ வேண்டும். ஒன்றை அதிகம் அராவினால் அந்தக் காதுக்கு வேலை போய்விடும், மற்ற காதுகள் சுமையைச் சுமக்கும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கொலுசு வேலை செய்யும் என் மைத்துனர் தன் மெல்லிய அரத்தை ஒருமுறை கடன் கொடுத்தார். இரும்பைத் தொட்ட அரம் இனி வெள்ளிக்கு ஆகாது என்று திருப்பி வாங்கவே மறுத்துவிட்டார். ஆழமான பள்ளமானால் டிரம்மையே மாற்றுங்கள்.

ஸ்பிரிங்குகளை ஒரு தட்டையான மேசையில் வரிசையாக நிற்க வையுங்கள். மேலே ஓர் இரும்பு அளவுகோலை வைத்தால் குட்டையானது தானே தெரிந்துவிடும். ஒன்று குட்டையானால் அத்தனையையும் மாற்றுங்கள்; ஒன்றை மட்டும் மாற்றினால் பிரஷர் பிளேட் சாய்ந்து திறக்கும்.

தள்ளு கம்பி கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் வழியாக வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வருகிறது. தளர்வே இல்லாமல் வண்டி ஓட்டியிருந்தால் இந்தக் கம்பியின் நுனி ஓயாமல் உரசி, சூடேறி, கடினத்தன்மை போய், காளான்போல் விரிந்திருக்கும். சேலத்தில் லேத்துக்குப் பஞ்சமில்லை. அரை மணியில் புதுக் கம்பி கடைந்து கொடுப்பார்கள். நானும் அந்தத் தொழில்தான், ஆகவே சொல்லலாம்: சாதாரண மென் இரும்பில் கடைந்த கம்பி ஒரு மாதத்தில் மறுபடி காளானாகும். நுனியைக் கடினப்படுத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். நீளம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். விரிந்த பழைய கம்பியின் நீளத்தோடு அல்ல, தேயாத காலத்து நீளத்தோடு.

ஒரு ஸ்டீல் பிளேட் கிண்ணம்போல் குழிந்திருக்கிறது. தட்டி நிமிர்த்தலாமா?

கையை எடுங்கள்! சில புல்லட் கிளட்சுகளில் ஒரு பிளேட்டை வேண்டுமென்றேதான் குழிவாகச் செய்திருக்கிறார்கள். கழற்றியபோது குழிவு எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கமே திரும்பப் போக வேண்டும். ஒரு பட்டறையில் நல்ல பிளேட்டை வளைந்தது என்று எண்ணி அடைகல்லில் வைத்து அடித்து நிமிர்த்தியதைப் பார்த்திருக்கிறேன். அவர் பெருமையோடு காட்டினார். நான் வண்டிக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை.

கார்க் பிளேட்டை ஊறவைக்க வேண்டுமா?

வேண்டும். செயின் கேஸில் ஊற்றப்போகும் அதே ஆயிலில் ஓர் இரவு. காய்ந்த கார்க் முதல் சில கிலோமீட்டரிலேயே கருகிவிடும்.

செயின் கேஸுக்கு எந்த ஆயில்?

20டபிள்யூ 50 மோட்டார் சைக்கிள் ஆயில் எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்று இருந்தால் அது ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்று பொருள். எரிபொருள் மிச்சம் என்று விளம்பரப்படுத்தும் கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்களைச் சேர்த்திருப்பார்கள். என்ஜினுக்கு அது நல்லது. உராய்வை நம்பியே வாழும் கிளட்சுக்கு அது நஞ்சு. அண்ணன் காரில் மிச்சமான ஆயில் என்று ஊற்றிவிட்டு, மறுவாரம் பிளேட் வாங்கப் போனவரை எனக்குத் தெரியும்.

மட்டத் திருகின் துளையில் வழியத் தொடங்கும்போது நிறுத்துங்கள். வண்டி நேராக நிற்க வேண்டும். சாய்வு ஸ்டாண்டில் வைத்து அளந்தால் கணக்குத் தப்பும்.

கேபிளில் எவ்வளவு தளர்வு விட வேண்டும்?

நெம்புகோலின் அடியில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். ஆனால் கேபிள் திருகை மட்டும் சுழற்றி இந்த அளவைக் கொண்டுவருவது பாதி வேலை. வலப்பக்கம் கியர் பாக்ஸ் மூடியில் இரண்டு திருகு போட்ட சிறிய மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் தள்ளு கம்பியைச் சரிசெய்யும் திருகும் பூட்டு நட்டும் தெரியும். கேபிளை முழுதாகத் தளர்த்திவிட்டு, முதலில் இங்கே கொஞ்சம் இடைவெளி விட்டுப் பூட்டுங்கள். பிறகுதான் கேபிள்.

பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேபிள் நாளாவட்டத்தில் நீண்டால் தளர்வு கூடும். பிளேட் தேய்ந்தால் தளர்வு குறையும், ஏனென்றால் பிரஷர் பிளேட் உள்ளே போகப் போகத் தள்ளு கம்பி வெளியே தள்ளப்படுகிறது. ஆகவே மாதாமாதம் கேபிளைத் தளர்த்திக்கொண்டே போக வேண்டியிருந்தால் பிளேட் தேய்கிறது என்று அர்த்தம். அதுதான் நான் ஒப்புக்கொள்ளும் சாட்சி.

கிக்கர் சில நேரம் சும்மா இறங்குகிறது. அதுவும் கிளட்சா?

இருக்கலாம். புல்லட்டில் கிக்கரின் விசை கியர் பாக்ஸ் வழியாக வந்து கிளட்சைத் தாண்டித்தான் என்ஜினுக்குப் போகிறது. ஆனால் கிக்கரின் உள்ளே உள்ள ராட்செட் பல் (ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பல்) தேய்ந்தாலும் இதேபோல் இறங்கும். பிரித்தறிய எளிய வழி: இக்னிஷனை அணைத்து, டெகாம்ப்ரஷரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளிவிடும் நெம்புகோலை) பிடிக்காமல், மூன்றாவது கியரில் போட்டு வண்டியைத் தள்ளுங்கள். என்ஜின் சுழலாமல் வண்டி நகர்ந்தால் கிளட்ச். என்ஜின் சுழன்று வண்டி அடம்பிடித்தால் கிளட்ச் நல்லது, கிக்கரைப் பாருங்கள்.

வலுவான ஸ்பிரிங் போட்டால் பிரச்சினை தீராதா?

வழுக்கல் ஒருவேளை நிற்கும். அப்புறம் இருபது வளைவு ஏறி இறங்கிய மாலையில் உங்கள் இடக்கை விரல்கள் காபிக் கோப்பையைப் பிடிக்க மறுக்கும். கேபிளும் தள்ளு கம்பியும் சீக்கிரம் தேயும். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்குவதும் இதே ரகம்; அளவு மிஞ்சினால் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி, கிளட்ச் திறக்கவே இடமிருக்காது. சரியான பிளேட், சரியான ஆயில், சரியான தளர்வு இருந்தால் சாதாரண ஸ்பிரிங்கே இந்த மலைக்குப் போதும். புல்லட்டின் என்ஜின் பல்சக்கரத்தில் 25 பல், கிளட்சில் 56. ஆக, என்ஜின் விசை இரண்டேகால் மடங்காகத்தான் கிளட்சுக்கே வந்து சேர்கிறது. வடிவமைத்தவர்கள் இதைக் கணக்கிட்டுத்தான் ஸ்பிரிங் வைத்தார்கள்.

என்னிடம் இருப்பது ஜாவா. இதெல்லாம் பொருந்துமா?

சோதனைகள் பொருந்தும், கழற்றும் முறை பொருந்தாது. மைசூரில் செய்த ஜாவா, யெஸ்டி வண்டிகளில் கிக்கரும் கியரும் ஒரே நெம்புகோல். அதைக் கியருக்காக அசைக்கும்போதே உள்ளிருக்கும் அமைப்பு கிளட்சைத் தானாகத் திறக்கும். அதனால் கையால் கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றலாம். பழைய ஓட்டுநர்கள் அதில் பெருமைப்படுவார்கள். இந்த அமைப்பின் இடைவெளி தப்பினால், கேபிள் சரியாக இருந்தாலும் கிளட்ச் ஓயாமல் அரைகுறையாகத் திறந்திருக்கும். ஆகவே ஜாவாவில் இரண்டு இடத்தில் தளர்வு பார்க்க வேண்டும். கிளட்சும் கியர் பாக்ஸும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்வதால், கியருக்கு நல்லது என்று கெட்டியான ஆயில் ஊற்றும் தவறு இங்கே இன்னும் அதிகம்.

இறங்கும்போது கிளட்சைப் பிடித்துக்கொண்டே வந்தால் பெட்ரோல் மிச்சமாகுமே?

டிரம் பிரேக்கை மட்டும் நம்பி இருபது வளைவு இறங்குவீர்களா? இரண்டாவது, மூன்றாவது கியரில் என்ஜினே பிடித்து இறக்கட்டும்.

முழு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

பிளேட் மட்டுமென்றால் அரை நாள். டிரம்மோடு என்றால் ஒரு நாள், புல்லர் கையில் இருந்தால். அவசரமாக முடித்து அன்றைக்கே மலை ஏறாதீர்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓமலூர், வாழப்பாடி என்று சமதளத்தில் ஓட்டுங்கள். பிளேட்டுகள் ஒன்றோடொன்று பழகும்போது தளர்வு மாறும். அதை ஒருமுறை திரும்பச் சரிசெய்த பிறகு அடிவாரம் போங்கள்.

கழற்றிய பழைய பிளேட்டை எடைக்குப் போடலாமா?

எல்லாவற்றையும் போடாதீர்கள். ஒரு பழைய கார்க் பிளேட்டையும் ஒரு ஸ்டீல் பிளேட்டையும் சேர்த்து வெல்டிங் வைத்து, ஒன்றரை அடிக் கம்பியைக் கைப்பிடியாக ஒட்டிவிடுங்கள். ஹப்பின் நட்டைத் தளர்த்தும்போது கிளட்ச் சுழலாமல் பிடித்துக்கொள்ள அதைவிட நல்ல கருவி கடையில் கிடைக்காது. என்னிடம் இருப்பது, அந்த வளைவுகளில் வெந்துபோன இரண்டாவது செட்டிலிருந்து செய்தது. கார்க் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.